கசிவு அறிக்கை காலி, நினைவகமோ ஏறிக்கொண்டே போகிறது

கேள்வி
வணக்கம். டெல்ஃபி நிரல்மொழியில் எழுதப்பட்ட டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதன் முன்பார்வைச் சாளரத்தை 50 முறை திறந்து மூடினால், டாஸ்க் மேனேஜரில் தெரியும் நினைவக அளவு ஏறியபடியே நிற்கிறது. விடுவிக்கப்படாத நினைவகத்தை முடிவில் பட்டியலிடும் ரிப்போர்ட்மெமரிலீக்ஸ்ஆன்ஷட்டவுனை ட்ரூ என வைத்தும், மென்பொருளை மூடும்போது எந்தக் கசிவும் காட்டப்படவில்லை. அந்தச் சாளரத்துக்கான ஃபார்மை, அப்ளிகேஷனை ஓனராக, அதாவது அதை விடுவிக்கும் பொறுப்புள்ள பொருளாகக் கொடுத்து உருவாக்கி, ஷோ மூலம் காட்டுகிறேன். எங்கே தேடுவது?

மறுமொழி 1
உங்கள் கடைசி விவரத்திலேயே விடை இருக்கிறது. சாதாரண ஃபார்மை மூடினால் அது அழிவதில்லை. மூடும்போது ஓடும் ஆன்குளோஸ் நிகழ்வில் வேறு எதுவும் சொல்லாதவரை கேஹைட் (மறைத்தல்) என்பதே இயல்புநிலை என்பதால், கண்ணுக்கு மறைந்து நினைவகத்தில் அப்படியே இருக்கும். மென்பொருள் முடியும்போது ஓனரான அப்ளிகேஷன் அவை அனைத்தையும் விடுவித்துவிடுவதால், அதற்குப் பிறகு கணக்கெடுக்கும் ஃபாஸ்ட்எம்எம்மின் (டெல்ஃபியின் நினைவக மேலாளர்) கண்ணில் எதுவும் படாது. ஆன்குளோஸில் ஆக்‌ஷனுக்கு கேஃப்ரீ (அழித்தல்) கொடுங்கள். அதற்கு முன், நினைவகத்தில் இருக்கும் ஃபார்ம்களை எண்ணும் ஸ்கிரீன்.ஃபார்ம்கவுன்ட் மதிப்பை முதன்மைச் சாளரத்தின் தலைப்பில் காட்டிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரை நம்ப வேண்டாம், ஏனெனில் விடுவிக்கப்பட்ட சிறு துண்டுகளை ஃபாஸ்ட்எம்எம் மறுபயன்பாட்டுக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி கேட்டவர்
ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த எண் ஒன்று கூடியது. கேஃப்ரீ கொடுத்த பின் கூடவில்லை. ஆனால் இரண்டாவது முறை திறக்கும்போது இப்போது அக்செஸ் வயலேஷன் (செல்லாத நினைவக முகவரியைத் தொடும் பிழை) வருகிறது. ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று அறிய, ஃபார்மின் பொது மாறி நில்லா (எதையும் சுட்டாத நிலையா) என்று ஓரிடத்தில் சோதிக்கிறேன்.

மறுமொழி 2
கேஃப்ரீ ஃபார்மைத்தான் அழிக்கும். உங்கள் மாறி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே சோதனை 'திறந்திருக்கிறது' என்று பொய் சொல்கிறது. ஃபார்ம் அழியும்போது ஓடும் ஆன்டிஸ்ட்ராயில் அந்த மாறிக்கு நில் கொடுங்கள். இதே ஃபார்மை இரண்டு மூன்று பிரதிகளாகத் திறக்க அனுமதிப்பதாக இருந்தால் பொது மாறியையே கைவிடுங்கள். அது எப்போதும் தொல்லைதான். ஷோமோடலில் (மூடும்வரை நிரல் காத்திருக்கும் வகையில்) காட்டும் ஃபார்ம்களுக்கு இந்தச் சுற்றுவழியே தேவையில்லை: ஓனராக நில் கொடுத்து உருவாக்கி, ட்ரை ஃபைனலிக்குள் நீங்களே ஃப்ரீ செய்துவிடலாம்.

மறுமொழி 3
இன்னொன்று. இன்டர்ஃபேஸ் வழியாக ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரு பொருள்களின் குறிப்பு எண்ணிக்கை (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) ஒருபோதும் பூஜ்யம் ஆகாது, எனவே அவை விடுவிக்கப்படா. அந்தக் கசிவு, மென்பொருளை மூடும்போது வரும் அறிக்கையில் தெரியும் வகை. 2016இல் வந்த டெல்ஃபி 10.1 பெர்லின் பதிப்பு முதல், விண்டோஸ் நிரல்களிலும் ஒரு பக்கத்தை வீக் (எண்ணிக்கையில் சேராத பிடி) என்று குறித்து அச்சுழலை அறுக்கலாம்.

கேள்வி கேட்டவர்
ஆன்டிஸ்ட்ராயில் நில் கொடுத்ததும் பிழை நின்றது. இதே முறையில் எழுதிய மேலும் நான்கு ஃபார்ம்களைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.