ரொசிலியில் ஒரே நாள்: வோர்ம்ஸ் ஹெட் போனவர்கள் உதவுங்களேன்

செப்டம்பர் முதல் வாரம் தென் வேல்ஸின் ரொசிலிக்குப் போகிறோம். அறுபதைத் தாண்டிய இருவர், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று.

வோர்ம்ஸ் ஹெட் தீவுக்கு நடந்து போக, கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான் வழி. சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட மறந்தால் கணக்கே தப்பிவிடும். தண்ணீர் ஏறிவிட்டால் இறங்கிக் கடக்கவே கூடாது, அடுத்த வற்று வரை தீவில்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் தெரியும்.

தெரியாதது நடைபாதைதான். சிப்பி ஒட்டிய கூர்ப்பாறையும் வழுக்கும் பாசியும் எவ்வளவு தூரத்துக்கு? முட்டிவலிக்காரர் கைத்தடியோடு சமாளிப்பாரா, இல்லை கரையோரக் கடல் கண்காணிப்பு நிலையத்தடியில் நின்று பார்ப்பதே நல்லதா?

இன்னொன்று: 1887-இல் தரைதட்டிய ஹெல்வெஷியா கப்பலின் விலா மரங்களும் கடல் வற்றும்போதுதான் முழுசாகத் தெரியும். இரண்டையும் ஒரே வற்றில் பார்த்தவர்கள் உண்டா? எதை முதலில் வைத்தீர்கள்?

193 மீட்டர் உயர ரொசிலி டவுன் குன்றின் உச்சிக்குப் பிள்ளையோடு ஏற எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சொல்லுங்கள். ஸ்வான்சீ திரும்பப் பேருந்துதான்.