தூளிலிருந்து இலைக்கு: முதல் 50 கிராம் வாங்கும்போது

பதுளையிலிருந்து ஒரு கேள்வி

வீட்டில் எப்போதும் டஸ்ட் தூள்தான். இனி இலையாக வாங்கி, பால் இல்லாமல் குடித்துப் பழக விருப்பம். கடையில் பி.ஓ.பி., ஓ.பி., பெக்கோ என்று எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதை முதலில் வாங்குவது, நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலையிலிருந்து

தம்பி, அந்த எழுத்துகளை முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று வாசிக்காதீர்கள். எந்த இலை எந்தச் சல்லடையில் தங்கியது, எந்த உருவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் அவை சொல்வது. ஓ.பி. என்றால் ஒரேஞ்ச் பெக்கோ, முன்னால் பி. சேர்ந்தால் உடைத்தது. ஓ.பி.1 நீண்டு கம்பிபோல் முறுகியிருக்கும். ஓ.பி.ஏ. பருத்து விரிந்த பெரிய இலை. பெக்கோ சுருண்டு குட்டையானது. பி.ஓ.பி. உடைந்த சிறு துண்டு, பி.ஓ.பி.எஃப். அதிலும் சிறியது, டஸ்ட் கடைசி. இலை பெரிதாக இருந்தால் தேயிலை உசத்தி என்று வெளிநாட்டுப் பக்கங்களை வாசித்துவிட்டு வருகிறவர்கள், இங்கே ஓ.பி.ஏ.யை வாங்கி ஏமாறுவார்கள். பார்வைக்குப் பெரிது, கோப்பையில் பெரும்பாலும் மெலிந்த சாயம்.

மலைநாட்டுத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். தான் செய்கின்றன. வாட்டிய கொழுந்தை உருட்டியபின் ரோட்டர்வேன் இயந்திரத்தில் விட்டு நறுக்குவதால் முழு இலை குறைவாகத்தான் மிஞ்சும். ஆகவே நுவரெலியாத் தேயிலையில் ஓ.பி. தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். நீண்ட கறுப்பு இலைக்குப் பேர்போனது றுகுணு, சப்பிரகமுவ ஆகிய கீழ்நாட்டுப் பகுதிகள்.

பார்க்க வேண்டியது உயரம். 2,000 அடிக்குக் கீழே விளைவது கீழ்நாடு, 2,000 முதல் 4,000 வரை நடுநாடு, அதற்கு மேல் மேல்நாடு. கீழ்நாட்டுச் சாயம் கறுத்து, கனத்து, இனிப்புச் சாயலோடு வரும். கண்டிப் பக்கத்து நடுநாட்டுத் தேயிலை செம்பு நிறம், நல்ல திடம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ள தெளிவாகச் சுள்ளென்று இருக்கும். நுவரெலியாவில் பொன்னிறமும் பூ வாசமும்தான் உண்டு, கனம் இருக்காது.

டஸ்ட் குடித்துப் பழகிய நாக்குக்கு முதலில் நுவரெலியாவைக் கொடுத்தால் வெந்நீர்போல்தான் தெரியும். நான் சொல்வது: ஒரே பி.ஓ.பி. அளவில் கண்டி, திம்புள்ள, நுவரெலியா மூன்றிலும் 50 கிராம் வீதம் வாங்குங்கள். இலையின் அளவு ஒன்றாக இருந்தால்தான் மண்ணும் உயரமும் செய்கிற வித்தியாசம் நாக்கில் பிடிபடும். கண்டியில் தொடங்கி மேலே ஏறுங்கள்.

பண்டாரவளையிலிருந்து

அண்ணன் நம் பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஊவாவை விட்டுவிட்டார், அதுவும் பதுளைக்காரரிடம்! உயரத்தோடு மாதத்தையும் கேட்க வேண்டும். ஊவாவின் நல்ல காலம் யூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட, இந்தப் பக்கம் காய்ந்த கச்சான் காற்றுத்தான் இறங்கும். கொழுந்து மெதுவாக வளரும், வாசம் இலையில் திரளும். அப்போது செய்த தேயிலையில் தசைவலிக்குப் பூசும் வின்ரர்கிறீன் தைலம்போல் ஒரு குளிர்ந்த மணம் வரும். மெத்தில் சாலிசிலேற்று என்ற சேர்மத்துக்கு அதில் பெரிய பங்கு. பழகாதவர்கள் இதை மருந்து நாற்றம், கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுப்பதுண்டு. உண்மையில் அந்த மணத்துக்குத்தான் கூடுதல் விலை.

திம்புள்ளைக்கும் நுவரெலியாவுக்கும் காலம் வேறு: சனவரி முதல் மார்ச் வரை, பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். மழை மாதத்துக் கொழுந்து கிடுகிடுவென்று வளரும், சாயம் வரும், வாசம் வராது. பக்கட்டில் காலாவதித் திகதி மட்டும் இருந்தால் போதாது. எந்த மாதம் செய்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.

நானுஓயாவிலிருந்து

கடையில் நின்று பார்க்கக்கூடியவை:

வெள்ளைத் தாளில் ஒரு கரண்டி கொட்டச் சொல்லுங்கள். துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். பெரிதும் பொடியும் கலந்திருந்தால் பொடி முதலில் இறங்கிக் கசக்கும், பெரியது பாதியில் நிற்கும். சிவந்த காம்பும் நாரும் அதிகமென்றால் முற்றிய இலையைப் பறித்திருக்கிறார்கள், அல்லது சரியாகப் புடைக்கவில்லை. இலையில் மெல்லிய மினுமினுப்பு இருப்பது நல்லது. சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் சல்லடையில் அளவுக்கு மீறி உரசி மேற்பூச்சு போய்விட்டது. ஆனால் நுவரெலியாத் தேயிலையில் கொஞ்சம் பழுப்பும் பச்சைச் சாயலும் இருந்தால் குறை சொல்லாதீர்கள். அங்கே இலையை நன்றாக வாட்டுவார்கள், அதன் நிறமே அதுதான்.

இரண்டு விரலால் நசுக்குங்கள். நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது. உலர்த்தியிலிருந்து வரும்போது தேயிலையில் 3 சதவீதம் அளவுதான் ஈரம். எங்கள் ஊர் மூடுபனியில் திறந்த சாக்கில் வைத்து அள்ளி விற்றால் அது எத்தனை நாள் நிற்கும்?

பிறகு கையில் வைத்து ஊதி, அந்தச் சூட்டில் முகருங்கள். புகை வாசம் வந்தால் உலர்த்தி அடுப்பின் குழாயில் கசிவு இருந்திருக்கும். கருகல் என்றால் சூடு மிஞ்சியது. புளிப்பு என்றால் இலையை நிறம் மாற வைத்த நேரம் கூடிவிட்டது, அல்லது இயந்திரத்தைக் கழுவவில்லை.

மலிவான தூளில் செயற்கை நிறம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். நல்ல தேயிலையும் மெல்ல நிறம் விடும். விழுந்த கணமே செம்பழுப்புக் கோடு கோடாக இறங்கினால் வாங்காதீர்கள்.

தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், அது முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள். எந்த மலை, எந்த மாதம் என்பதை அது சொல்லாது.

வெள்ளிமுனை என்று கண்ணாடிக் குப்பியில் வைத்திருப்பதை இப்போதைக்குத் தொட வேண்டாம். மொட்டை மட்டும் காயவைத்தது. வெளிறிய சாயம், மெல்லிய சுவை, கைசுடும் விலை. பிறகு பார்க்கலாம்.

ஹட்டனிலிருந்து

நல்லதை வாங்கிக் கெடுப்பது அடுப்படியில்தான். டஸ்டைப்போல் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். வாசம் ஆவியில் போகும், துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

அளவைக் கரண்டியால் எடுக்காமல் சிறு தராசால் எடுங்கள். ஒரு கரண்டி பி.ஓ.பி.எஃப். நிற்கும் எடையில் ஒரு கரண்டி ஓ.பி.ஏ. பாதிகூட வராமல் போகலாம். இலைத் தேயிலையில் சாயமே இல்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கும் சிக்கல் இந்தக் கரண்டிதான். 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2.5 முதல் 3 கிராம். பி.ஓ.பி.எஃப். என்றால் 2 நிமிடம், பி.ஓ.பி. 3, ஓ.பி. வகைகள் 4 முதல் 5. நேரம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். இலை தண்ணீரிலேயே கிடந்தால் இரண்டாவது கோப்பை குடிக்க முடியாது.

வாங்கியவற்றை ஒப்பிட மட்டும் வேறு அளவு. சுவை பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறையில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம். கடுமையாக இருக்கும். குறைகள் வெளியே வருவதற்காகவே அப்படி. வடித்த இலையையும் பாருங்கள்: செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்லது, மங்கிக் கறுத்திருந்தால் சந்தேகம்தான்.

இன்னொன்று, நம் மலையில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகை, நுவரெலியாவில் 94. அதனால் கேத்தல் கொதித்த உடனே ஊற்றுங்கள், ஆற விடாதீர்கள். பாத்திரத்தை முதலில் வெந்நீரால் சூடாக்கி, ஊற்றியதும் மூடுங்கள். நுவரெலியாவில் அரை நிமிடம் கூட்டுங்கள். பச்சைத் தேயிலைக்கு மட்டும் 80 பாகைக்கு ஆற விட வேண்டும்.

சாயம் ஆறியதும் கலங்கினால் ஊற்றிவிடாதீர்கள். கபீனும் சாயப் பொருள்களும் சேர்ந்து திரள்வது அது; உரமான தேயிலையில் வரும், சூடாக்கினால் தெளியும்.

மாத்தளையிலிருந்து

சுருக்கமாக. கறுவா, கராம்பு, ஏலக்காய் இருக்கும் அலுமாரியில் தேயிலை வைக்க வேண்டாம், மூடி இறுக்கமான டின் என்றாலும். சவர்க்காரப் பக்கமும் வேண்டாம். கண்ணாடிப் போத்தல் அழகுதான், வெளிச்சத்தில் வைத்தால் வாசம் ஓடிவிடும். டின்னில் ஈரக் கரண்டியை விடாதீர்கள்.

பதுளையிலிருந்து மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப வேண்டும். அவர்கள் பால் சேர்ப்பவர்கள். எது அனுப்பலாம்?

தலவாக்கலையிலிருந்து

ஊவா, நுவரெலியா இரண்டும் வேண்டாம். அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, வன்மை கூடியது. சாயம் கறுத்து மங்கும், மேலே ஆடைபோல் ஒரு படலம் மிதக்கும், மெல்லிய வாசம் அதில் அமுங்கிவிடும். கீழ்நாட்டு பி.ஓ.பி.எஃப். அனுப்புங்கள். பால் விட்டாலும் தாங்கும். சித்தி பிளேன்டீ குடித்துப் பார்க்க விரும்பினால் வடிகட்டிய போத்தல் தண்ணீரில் போடச் சொல்லி, திம்புள்ள 50 கிராம் தனிப் பக்கட்டாகச் சேர்த்து வையுங்கள்.