யூ வேலிய மொட்டையடிச்ச கதை, உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

நிலக்கோட்டைக்காரன்:

இங்கிலாந்துல தோட்டத்தோட வீடு வாங்கினவங்க நெறய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதனால கேக்குறேன், யூ (yew)ன்னு இங்க வேலியா வளக்குற ஊசியிலை மரம் இருக்குல்ல, அதோட யாராச்சும் மல்லுக்கட்டியிருக்கீங்களா? என் கதைய மொதல்ல சொல்லிடுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2019ல சர்ரேல ஒரு பழைய வீடு வாங்கினோம். பின்பக்க எல்லை பூரா யூ வேலி, நாப்பதடி நீளம். முன்ன இருந்தவங்க வருஷா வருஷம் மேலாப்புல மட்டும் வழிச்சு விட்டிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு இஞ்சு மிச்சம் விட்டா முப்பது வருஷத்துல என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. டேப் வச்சு அளந்தா அகலமே எட்டடி. ஓரத்துல கல்லு பதிச்ச நடைபாதை ஒண்ணு இருந்ததே உள்ள கைய விட்டுத் தடவினப்பதான் தெரிஞ்சுது. வெளிய இருந்து பாத்தா பச்சை செவுரு, உள்ள தலைய விட்டா ஒத்த இலை கிடையாது, பூரா காஞ்ச சுள்ளி, நடுவுல தோல் உரிஞ்ச செவந்த தண்டுங்க, கோயில் உள்பிரகாரம் மாதிரி இருட்டு.

வெட்டலாம்னா பயம். ஏன்னா இதுக்கு முன்ன வாடகைக்கு இருந்த வீட்ல லேலண்டின்னு ஒரு சைப்ரஸ் மர வேலி, ஓனர்கிட்ட நல்ல பேர் வாங்கலாம்னு பச்சையத் தாண்டி பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டிவிட்டேன். அவ்ளோதான். நாலு வருஷம் அங்க இருந்தோம், வெட்டின எடத்துல ஒரு துளிர் வரல. காலி பண்றப்ப டெபாசிட்ல புடிச்சுக்கிட்டாங்க.

பக்கத்து வீட்டுப் பெரியவரு, தோட்ட வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அவருதான் சொன்னாரு, லேலண்டி வேற இது வேற, யூ வெறும் கட்டையிலயே துளிர்க்கும், தைரியமா வெட்டு, ஆனா ஒரே வருஷத்துல ரெண்டு பக்கமும் கை வைக்காதன்னு. கேட்டதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துருச்சு. கார்த்திகைல மல்லிகைக்கு கவாத்து பண்றப்ப முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிட்டு, பங்குனில வந்து பாருடான்னுவாரு. முருங்கைய ஒடிச்சு வளக்கணும்னு சும்மாவா சொன்னாங்க.

2020 ஏப்ரல்ல ரம்பத்தோட போனா உள்ள ப்ளாக்பேர்டு கூடு, நாலு முட்டை. கூட்டைக் கலைச்சா இங்க குத்தம், 1981லயே சட்டம் போட்டுட்டாங்க. ரம்பத்த திருப்பி உள்ள வச்சாச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல் பொறந்ததும் டார்ச் அடிச்சுப் பாத்து, கூடு எதுவும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் எங்க பக்கத்த மட்டும் தண்டு வரைக்கும் வெட்டுனேன். முடிச்சுட்டு நின்னு பாத்தா பந்தல் பிரிச்ச கல்யாண வீடு மாதிரி வெறும் கம்பா நிக்குது. எங்க வீட்ல வெளிய வந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிட்டாங்க, அதுக்கு நாலு திட்டு திட்டியிருந்தாகூட தேவல.

ஏப்ரல்ல ஒண்ணும் இல்ல. மே பூரா ஒண்ணும் இல்ல. ரத்தம் மீன் எலும்பு உரம்னு இங்க ஒண்ணு விக்கிறாங்க, பேரே அதுதான், அத அடியில போட்டா அந்த நாத்தத்துக்கு நரி வந்து ரெண்டு எடத்துல தோண்டிட்டுப் போச்சு. தண்ணி மட்டும் விடாம ஊத்துனேன். ஜூன்ல ஒரு நாள் காலைல காபி டம்ளரோட போய் தண்டுகிட்ட மூஞ்சிய வச்சுப் பாத்தா, பட்டை வெடிப்புல கேழ்வரகு சைஸ்ல பச்சைப் புள்ளி. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. பத்து பதினஞ்சு நாள்ல எல்லாம் குஞ்சம் குஞ்சமா விரிஞ்சு தண்டுக்கு தாடி மொளச்ச மாதிரி ஆயிருச்சு, தொட்டா அவ்ளோ மெத்துன்னு இருக்கு. அவங்கள கூட்டிட்டு வந்து காமிச்சேன். "சரி, மீதிய நீ தொடாத"ன்னாங்க.

இப்ப வருஷத்துக்கு ஒரே வெட்டு, ஆகஸ்ட் கடைசில. நூல் கட்டி, ரசமட்டம் வச்சு, அசல் கொத்தனார் வேலைதான். அடி அகலமா மேல குறுகலா வர்ற மாதிரி சாய்ச்சு வெட்டணும், மேல அகலமா விட்டா அடிக்கு வெளிச்சம் படாம கீழ மொட்டையாயிரும். பெரியவர் பக்கம் இன்னும் பாக்கி.

வடமராட்சி அக்கா:

தம்பி, உங்களுக்குப் பழைய மரம் கிடைச்சது அதிர்ஷ்டம். நான் புதுசா நட்டு அழிஞ்ச கதை சொல்லுறன் கேளுங்கோ. ஊரில எங்கட வேலி கிளுவங் கதியால், வெட்டி ஊண்டிவிட்டா அது தன்ர பாட்டுக்குத் தழைக்கும். அந்த நினைப்பிலதான் இஞ்ச ஹரோவில வீடு வாங்கின கையோட 30 யூக் கண்டு எடுப்பிச்சன். சட்டியில வாற கண்டில்லை, மண் இல்லாமல் வெறும் வேரோட கட்டுக்கட்டா வாறது, அது மலிவு, ஆனா நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில மட்டும்தான் நடலாம். ரெண்டடிக்கு ஒண்டு வைச்சம்.

எங்கட வளவு சுத்தக் களிமண், கிடங்கு வெட்ட அலவாங்கு வேண்டிக் கிடந்தது. அந்த மாரி விடாமல் மழை, ஒவ்வொரு கிடங்கும் ஒவ்வொரு கிணறு. நான் தண்ணி நிண்டா நல்லம்தானே எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தன். வெயில் வரேக்க கண்டெல்லாம் செம்பு நிறம். 30ல 19 போட்டுது. ஒண்டைப் புடுங்கிப் பாத்தன், வேர் கறுத்து, விரலால உருவத் தோல் உறை மாதிரிக் கழண்டு வருது, அழுகின மணம். குளிரைத் தாங்கும், நிழலைத் தாங்கும், எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், வேரில தண்ணி தேங்கினா மட்டும் தாங்காது எண்டு ஒருதரும் சொல்லேல்லை. வித்தவனுக்குப் போன் அடிச்சுக் கத்தினன். அவன் ஆறுதலா ஒரு கேள்விதான் கேட்டவன், நட்ட கிடங்கில தண்ணி நிண்டதோ எண்டு. நான் போனை வைச்சிட்டன்.

ரெண்டாந்தரம் மிளகாய்க்கண்டுக்குப் போடுற மாதிரி வரம்பு உயத்தி அதுக்கு மேல நட்டன், இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் சாகேல்லை. ஆனா அதுக்கும் ஒரு சோதனை வந்தது. வேண்டின உயரம் வரும்வரைக்கும் உச்சியில கை வைக்கப்படாது, பக்கத்தை மட்டும் தட்டிவிடவேணும். இவர் நான் வேலைக்குப் போன நேரம் வடிவா இருக்கட்டும் எண்டு எல்லா உச்சியையும் ஒரே மட்டமா வெட்டிப்போட்டார். வருசத்துக்கு ஒரு அடி வளந்தாலே பெரிய காரியம், ஒரு வருச வளர்த்தி ஒரு மத்தியானத்தில போட்டுது. ஊரில வேலிக்காகச் சண்டை, இஞ்ச வேலியோட சண்டை.

கத்திரிக்கோல் கமலா:

நீங்கல்லாம் நேர்கோடு வெட்டறதுக்கே இவ்ளோ அலுத்துக்கறீங்க, நான் மயில் செய்யப் போனவ. சிரிக்காதீங்க.

லேக் டிஸ்ட்ரிக்ட் டூர் போனப்போ வழியில கெண்டல் பக்கத்துல லெவன்ஸ் ஹால்னு ஒரு பழைய மாளிகை. 1694ல கியோம் போமான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் போட ஆரம்பிச்ச தோட்டமாம், யூலயும் பாக்ஸ்ங்கற குத்துச்செடிலயும் வெட்டின நூத்துக்கும் மேல உருவம், செஸ் காய், குடை, நீதிபதி தலையில வைக்கிற விக், எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு, வயசான மாமாக்கள் கல்யாணத்துல கூடி நின்னு பேசற மாதிரி இருக்கு. அதப் பாத்துட்டு வந்து எனக்கு சும்மா இருக்க முடியல. ஏற்கனவே வாசல்ல இருந்த பாக்ஸ் உருண்டைங்கள புழு ஒரே சீசன்ல மொட்டையடிச்சு வலை பின்னிட்டுப் போயிருந்துச்சு, அந்தப் புழு யூ கிட்ட வராது, சரின்னு அந்த எடத்துல யூ வச்சேன்.

கம்பி வச்சு மயில் எலும்புக்கூடு ஒண்ணு முறுக்கி செடிக்குள்ள நட்டு, வளர்ற கொம்ப ஒவ்வொண்ணா வளைச்சு மெத்துன்னு கயிறால கட்டிட்டே வரணும். கழுத்து மூணே வருஷத்துல வந்துடுச்சு. தோகைதான் சோதனை, அது படுக்கையா போகணும், மரத்துக்கோ மேலதான் போகணும், நான் இறக்கிக் கட்டக் கட்ட அது நிமிர்ந்துட்டே வரும். அஞ்சாவது வருஷம் தோகை மாதிரி ஒண்ணு தெரிஞ்சப்போ ஈரப் பனி கொட்டிச்சு, ராத்திரி தட்டி விட சோம்பேறித்தனம், காலைல பாத்தா பாதி தோகை பிளந்து தொங்குது. தொங்கினத வெட்டிட்டு மீதிய உருட்டிவிட்டேன். இப்ப அது கோழி. பசங்க அதுக்கு பேரே வச்சுட்டாங்க, தெருவுல போஸ்ட்மேன் வரைக்கும் எல்லாருக்கும் அது கோழிதான்.

ஒண்ணு மட்டும் அடிபட்டு கத்துக்கிட்டேன், கத்திரி மொண்ணையா இருந்தா இலை வெட்டுப்படாது, நசுங்கும், ரெண்டு நாள்ல நுனி எல்லாம் பழுப்பு. சுள்ளுன்னு வெயில் அடிக்கிற அன்னிக்கும் வெட்டாதீங்க, மேகமூட்டம்தான் நல்லது.

கும்பகோணம் பையன்:

இங்க யாரும் விஷத்தப் பத்தி பேசல, அதான் வந்தேன். அம்மா மூணு மாசம் வந்து தங்கியிருந்தாங்க. ஒரு நாள் நான் ஆபீஸ் கால்ல இருக்கேன், அடுக்களைல இருந்து ஒரு மாதிரி பச்சை வாசனை, போய்ப் பாத்தா சொம்புல தண்ணி கொதிக்கப் போகுது, பக்கத்துல தட்டுல அலம்பி வச்ச யூ இலை ஒரு கைப்பிடி. "தாளிசபத்திரிடா, வாசல்லயே இருக்கு, பேத்திக்கு சளிக்கு கஷாயம் போடலாம்னு." எனக்கு கை கால் ஓடல. நல்லவேளை இலை தண்ணிக்குள்ள போகல.

அம்மா கண்ணையும் குத்தம் சொல்ல முடியாது. நாட்டு மருந்துக் கடைல தாளிசபத்திரின்னு தர்றது இமயமலை ஃபிர் மரத்து இலை, ஆனா இமயமலை யூ இலையும் அதே பேர்ல கலந்து வரும், ரெண்டும் சீப்புப் பல்லு மாதிரி அடுக்கா இருக்கும். யூவுல இலை, பட்டை, விதை எல்லாமே இதயத்த நிறுத்துற விஷம், கொதிக்க வச்சாலும் போகாது. அந்த சிவப்புப் பழத்தோட சதை மட்டும்தான் விதிவிலக்கு, உள்ள இருக்கிற கொட்டை விஷம். குருவிங்க சதைய ஜீரணிச்சு கொட்டைய முழுசா வெளிய தள்ளிடும், குழந்தைங்களுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. பொண்ணுக்கு விவரம் தெரியற வரைக்கும் பழம் வந்தா மொத வேலையா கைக்கு எட்டற உயரத்துல எல்லாத்தையும் பறிச்சுப் போட்டுடுவேன்.

இத்தனை விஷத்த வாசல்ல எதுக்குடா வளக்கறான்னு அம்மா கேட்டாங்க. நம்மாத்து கொல்லைல அரளி எதுக்கும்மா இருக்குன்னேன். அது சாமிக்குன்னாங்க.

கோவை பொன்னு:

அதேதானுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை மேயற காடு, நான் போன வருசம் வெட்டின தழைய அப்படியே அந்தப் பக்கம் வீசிட்டு நம்மூர்ல ஆட்டுக்குத் தழை போட்ட திருப்தியோட கை அலம்பப் போயிட்டேன். குதிரைக்காரம்மா பாத்துட்டு கத்துன கத்துல ரெண்டு பேருமா முட்டி போட்டு ஒவ்வொரு சுள்ளியா பொறுக்குனோம், இருட்டுற வரைக்கும். காஞ்சாலும் விஷம் குறையாதாமுங்க. குதிரைக்கு ஒண்ணும் ஆகல, அது அன்னிக்கு தூரமா நின்னுது. அந்தம்மா இன்னும் எனக்கு வணக்கம் வைக்கறதில்ல.

கும்பகோணம் தம்பி சொன்னதுக்கு இன்னொண்ணு. எங்க அக்காவுக்கு மார்புல கேன்சர் வந்து கீமோ போட்டப்ப சீட்டுல டோசிடாக்செல்னு இருந்துது. அது யூ இலைல இருந்து எடுக்கற சரக்க வச்சுத்தான் செய்யறாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. பெரிய தோட்டங்கள்ல வருசா வருசம் வெட்டற புது தளிர வாங்கிட்டுப் போறதுக்குன்னே கம்பெனி இருந்துதுங்க. அக்கா இப்ப நல்லா இருக்கா. எங்க வீட்டுக்கு வந்தா அந்த வேலிகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் உள்ள வருவா.

நிலக்கோட்டைக்காரன்:

அக்கா, வரம்பு ஐடியாவுக்கு நன்றி, எனக்கும் ஓரத்துல ரெண்டு மரம் பழுப்படிச்சு நிக்குது, தண்ணிதான் காரணம்னு இப்பதான் உறைக்குது. கமலா மேடம், கோழி போட்டோ போடுங்க.

பெரியவர் பக்கத்த இந்த ஏப்ரல்ல வெட்றதா பேச்சு. எங்க பக்கம் அடர்ந்து வந்தத பாத்தப்புறம்தான் அவங்க வீட்டம்மா சம்மதிச்சாங்க. நேத்து ரெண்டு பேரும் ரம்பத்தோட போய் டார்ச் அடிச்சுப் பாத்தோம். மறுபடி ப்ளாக்பேர்டு. இந்தத் தடவ மூணு முட்டை. பெரியவர் ரம்பத்த என்கிட்ட குடுத்துட்டு டீ போடப் போயிட்டாரு.