டேபிளில் ஒரு பெயரை மாற்றினேன், கூலிக் கணக்கு நின்றுவிட்டது

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. போன வாரம் ஒரு டேபிளில் 'எடை' என்ற ஃபீல்டை 'நிகர_எடை' என்று மாற்றினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லை. அந்த டேபிளை வைத்து எழுதிய வியூகூட (சேமித்து வைத்த க்வெரி) தானாகச் சரியாகிக்கொண்டது. அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம், ஆட்கள் கூலிக்கு நிற்கும்போது, கூலிக் கணக்குப் போடும் ஃபங்ஷன் 'எடை என்று எதுவும் இல்லை' என்று நின்றுவிட்டது. கால்குலேட்டரில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம்.

பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸுக்குள் ஃபங்ஷன் எழுதும் மொழி) எழுதிய ஃபங்ஷனின் உள்ளே இருப்பதை வெறும் எழுத்தாகத்தான் வைத்திருக்குமாம், ஓடும்போதுதான் டேபிளோடு ஒத்துப்பார்க்குமாம். இது தெரியாமல் போனது என் தப்புதான், சரி.

இன்னும் 40 ஃபங்ஷன் இருக்கின்றன. ஃபங்ஷனை உருவாக்கும்போதே டேபிளோடு ஒத்துப்பார்க்கும் பிகின் அடாமிக், வெறும் எஸ்க்யூஎல் ஃபங்ஷனுக்கு மட்டும்தான். என்னுடையதில் எல்லாம் லூப், அதனால் அது ஆகாது. ஃபங்ஷனை ஓட்டாமலே தப்பைக் காட்டும் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் செக் எக்ஸ்டென்ஷனை யாராவது பயன்படுத்துகிறீர்களா? ட்ரிக்கர்களையும் (டேபிளில் மாற்றம் வந்தால் தானாக ஓடுபவை), ஓடும்போது எழுத்துகளை ஒட்டுப்போட்டு எக்ஸிக்யூட்டில் ஓட்டும் வரிகளையும் அது பிடிக்குமா? அடுத்த சனிக்குள் தெரிந்தால் புண்ணியமாகப் போகும்.