டிடி-02 முன் ஸ்டீரிங் பொருத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அக்கா பையன் தமியா டிடி-02 ரிமோட் கார் கிட் ஒன்றைக் கொண்டுவந்தான், பாகங்களை நாமே பூட்ட வேண்டிய வகை. பின் கியர் பாக்ஸ், மோட்டார், நடு ஷாஃப்ட் எல்லாம் அவனே அழகாக முடித்திருந்தான். ரிமோட் சொல்வதற்கேற்ப ஸ்டீரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவை இன்னும் பூட்டவில்லை. முன் சக்கரங்களை வலப்பக்கம் திருப்பிவிட்டுக் காரை இடப்பக்கம் சாய்த்தேன். சக்கரம் அசையவே இல்லை. "மாமா, சர்வோ போட்டா அது இழுத்துக்காதா?" என்றான்.

இழுக்கத்தான் செய்யும். ஆனால் இறுக்கம் அப்படியே இருந்தால் வளைவு முடிந்ததும் சக்கரம் சரியாக நடுவுக்குத் திரும்பாது. நேர் ரோட்டில் கார் ஒரு நேரம் இடது, ஒரு நேரம் வலது என்று ஒதுங்கும். ரிமோட்டில் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மை எவ்வளவு மாற்றி வைத்தாலும் நிற்காது. சர்வோ இல்லாத நிலையில் காரைச் சாய்த்தால் ஸ்டீரிங் தன் எடையிலேயே விழ வேண்டும். ரேடியோ பக்கம் போகும் முன் நான் எந்தக் காரிலும் பார்ப்பது இதைத்தான்.

ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் பார்த்தோம். நடுவில் இருந்து திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் இரண்டு பெல் கிராங்க்குகளும் அவற்றை இணைக்கும் பட்டையும் நன்றாகவே ஆடின. பிடித்தது சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டில். அங்கே வருவது ஸ்டெப் ஸ்க்ரூ. அதன் மேல் பாதியில் மரை இருக்காது, வழவழப்பாக இருக்கும். அந்தப் பாகத்தின் மேல்தான் பிளாஸ்டிக் சுழல வேண்டும். அதைச் சாதாரண ஸ்க்ரூ மாதிரி முழு பலத்தில் இறுக்கினால் மரை பிளாஸ்டிக்கைத் தின்று உள்ளே இறங்கி, தலை அப்ரைட்டை நசுக்கிவிடும். கால் சுற்று தளர்த்தியதும் வலது பக்கம் விடுதலை. இடது பக்கம் அப்போதும் கொஞ்சம் பிடித்தது. அங்கே பந்து மூட்டின் கப் இறுக்கம். பந்தின் மேல் மாட்டிய நிலையிலேயே கப்பைப் பிளையரால் மெதுவாக ஒரு அழுத்து, அவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் எங்கே பிடித்தது, எப்படிச் சரியானது? எழுதுங்கள்.

பதில்:

அண்ணா, ஸ்க்ரூ பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். பைக் பட்டறையில் இருக்கிறேன். பழைய ஜப்பான் வண்டிகளின் கார்புரேட்டரில் வருவது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்) கிராஸ் தலை, தமியா கிட்டிலும் அதே வகைதான். பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். பிலிப்ஸ் டிரைவரின் முனை அதில் அடிவரை உட்காராது, பலம் கொடுத்ததும் வழுக்கி மேலே ஏறும். அப்புறம் தலை வழுவழுப்பாகிவிடும், கழற்றவே வராது. 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் 2-ஆம் நம்பர் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள், கிட்டோடு செய்யும் செலவுகளில் உருப்படியானது அதுதான்.

கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழும். அதன் பிறகு வலப்பக்கம். இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டி, ஓட்டை தளர்ந்துபோகும்.

பதில்:

என் தம்பி வண்டியில் இறுக்கமே இல்லை, சர்வோ கோணத்தில்தான் கோளாறு. சர்வோவைக் கையால் திருப்பி, கண்ணுக்கு நடுவாகத் தெரிந்த இடத்தில் சர்வோ சேவரை (சர்வோ அச்சில் மாட்டும், மோதலில் அதைக் காக்கும் கை) பூட்டியிருந்தான். இடது பக்கம் நிறையத் திரும்பும், வலது பக்கம் பாதிதான்.

முதலில் டிரான்ஸ்மிட்டரை (கையில் இருக்கும் ரிமோட்) ஆன் செய்து டிரிம், சப் டிரிம் இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். அடுத்து காரை ஆன் செய்தால் சர்வோ தன் நடுவுக்கு, அதாவது 1.5 மில்லி செகண்ட் சிக்னலுக்குரிய இடத்துக்கு, தானே வந்து நிற்கும். சேவரை அந்த நிலையில்தான் பூட்ட வேண்டும். சர்வோ அச்சின் பல் கணக்கும் முக்கியம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: பெரும்பாலும் ஃபுடாபா 25, ஹைடெக் 24, சான்வாவும் கேஓவும் 23. மாற்றிப் போட்டால் அழுத்தி ஏற்றிவிடலாம், ஆனால் பல் சிதைந்துவிடும். 25 பல் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி. அதனால் மிக அருகில் இருக்கும் பல்லில் வைத்தாலும் 7 டிகிரி வரை கோணல் மிஞ்சலாம். அந்த மிச்சத்தைச் சரிசெய்யத்தான் சப் டிரிம்.

பதில்:

முழுதாகத் திருப்பும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே கோணத்தில் இல்லை என்று நண்பர் ஒருவர் ஒரு பக்கத்து டை ராடை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியை, குறைக்கப் போனார். நல்லவேளை, பக்கத்தில் இருந்தேன். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, அது அதிகமாகத் திரும்பியே ஆக வேண்டும். 1817-இல் மியூனிக்கில் லாங்கன்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. மறு வருடம் இங்கிலாந்தில் அக்கர்மன் காப்புரிமை வாங்கியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஸ்டீரிங் நேராக இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். டை ராடு நீளம் மேனுவலில் மில்லிமீட்டரில் இருக்கிறது. வெர்னியர் வைத்து இரண்டையும் அளந்து ஒரே அளவாக்கிவிட்டு மாட்டுங்கள்.

பதில் (தொடங்கியவர்):

எல்லோருக்கும் நன்றி. பையன் சேவரைக் கழற்றி, நடு பார்த்துத் திரும்பப் பூட்டிவிட்டான். அவனுடையது 25 பல் சர்வோ.

இன்னொன்றும் செய்தோம். முழு இடது, முழு வலது திருப்பியபோது சர்வோ 'உர்ர்' என்று சத்தம் போட்டது. ஸ்டீரிங் தடுப்பில் முட்டிய பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். விட்டால் சூடேறிக் கருகும். டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்டை, அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லையை, சத்தம் நிற்கும் வரை குறைத்தோம். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டியிருந்தது. ஸ்டீரிங்கில் இன்னும் ஒரு நூல் ஆட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் புஷ்ஷும் ஸ்டெப் ஸ்க்ரூவும் உள்ள வண்டியில் அது இருக்கும், ரேஸுக்குப் போகாதவரை அதற்காக அலுமினியம் செட் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பேரிங் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், ஆட்டம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள்.