தேக்கு ஸ்டூல்: துளையில் நாக்கு ஆடுகிறது, ரம்பத்தை மாற்றணுமா?

கோணல்கட்டை:
பால்கனியில் வைத்து, கைக்கருவிகளால் மட்டும் ஒரு ஸ்டூல் செய்துகொண்டிருக்கிறேன். பழைய கதவை உடைத்து எடுத்த தேக்கு. கால் ஒன்றரை இஞ்ச் சதுரம், குறுக்குச்சட்டம் முக்கால் இஞ்ச் கனம். காலில் துளை பொளிந்து, சட்டத்தின் முனையில் நாக்கு எடுத்துச் சொருகினால் ஒன்று உள்ளேயே போவதில்லை, இல்லையென்றால் லொடலொடவென்று ஆடுகிறது. போதாததற்குத் தோள் (நாக்கு தொடங்கும் இடத்தில் சட்டத்தில் நிற்கும் படி) காலோடு ஒட்டாமல் காகிதம் நுழையும் அளவு இடைவெளி வேறு. ஸ்க்ரூ போட மனசில்லை. ஜப்பான் ரம்பம் வாங்கினால் சரியாகுமா?

பூவரசு:
ரம்பத்தை விடுங்க, கோடு எதால் போட்டீங்க? பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் உண்டு, அதில் எந்த ஓரத்தில் அறுப்பது என்று கைக்குத் தெரியாது. கூர்மையான கத்தியால் மூலைமட்டத்தை ஒட்டிக் கோடு கிழித்து, கழிக்கப்போகும் பக்கத்திலிருந்து உளியைச் சாய்த்து ஒரு சீவல் எடுத்துவிடுங்க. சின்னப் பள்ளம் விழும், ரம்பம் அதில் தானாக உட்காரும்.

அப்புறம் வரிசை. துளைதான் முதலில். ஒரு இஞ்சுக்கு 8 நூல், முக்கால் இஞ்ச் என்றால் 6 நூல், நாக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 நூல் உளி. துளையின் அகலத்தை அந்த உளியே முடிவு செய்யட்டும். நாக்கைக் கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு அறுத்து, அகல உளியால் குறுக்குவாக்கில் சீவிச் சீவிப் போட்டுப் பாருங்க. பாதி வரை கையால் தள்ளிப் போகணும், மீதிக்குக் கொட்டாப்புளியில் (மரச் சுத்தி) லேசாகத் தட்டணும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துவிடும்.

அரம்பக்காரன்:
ரம்பத்தை அப்படி ஒதுக்க முடியாது சார். கடையில் கிடைக்கும் நம்மூர் ரம்பம் பெரும்பாலும் குறுக்கே அறுக்கத்தான், நாக்கின் கன்னத்தை, அதாவது அதன் அகலமான பக்கத்தை, நீட்டுவாக்கில் அறுக்கும்போது அது திணறி ஓடிவிடும். பல் விரிப்பும் (பற்கள் மாறி மாறி இருபக்கமும் சாய்ந்திருப்பது) அதிகம். முக்கோண அரம் ஒன்று வாங்கி, பல்லை நேராக, உளிமுனை மாதிரி தீட்டிக்கொண்டால் அதே ரம்பம் போதும். ஜப்பானில் 'ர்யோபா' என்று ஒன்று, ஒரு பக்கம் நீட்டுக்கு, மறுபக்கம் குறுக்குக்கு, இழுக்கும்போது அறுக்கும், தகடு மெல்லியது. நல்ல சாமான்தான். ஆனால் பல் மழுங்கினால் வீட்டில் தீட்டுவது லேசு இல்லை, தகட்டையே மாற்றுவார்கள்.

தேக்கில் மணல் சத்து உண்டு, உளியின் கூர்மையைச் சீக்கிரம் தின்னும். நாலு துளைக்கு ஒருதரம் உளியைக் கல்லில் இழுங்க. கண்ணாடி மேல் 1000 நம்பர் எமரி தாள் ஒட்டினாலும் போதும். பழைய கதவு என்கிறீங்க, உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிங்க.

கோணல்கட்டை:
நன்றி சார். நான் பென்சில்தான், அதுவும் மொத்தமான பென்சில். தோள் இடைவெளிக்கு என்ன செய்வது?

பூவரசு:
துளையின் ஆழம் பாருங்க. நாக்கின் நீளத்தைவிட அரை நூல், ஒரு நூலாவது கூட இருக்கணும், இல்லையென்றால் முனை அடியில் முட்டும், பசையும் போக இடமின்றித் தேங்கும், தோள் எங்கே ஒட்டும்? அது சரி என்றால் தோளில் வெளிக்கோட்டைத் தொடாமல் உட்பக்கத்தை உளியால் துளி குழிவாகச் சீவிவிடுங்க. இன்னொன்று, விளிம்புக்கு இணையாகக் கோடு இழுக்கும் கருவியான கேஜை எப்போதும் சட்டத்தின் ஒரே முகத்தில் வைத்துத்தான் கோடு இழுக்கணும். முகம் மாறினால் கனத்தில் உள்ள வித்தியாசம் முழுக்க இணைப்பில் வந்து நிற்கும்.

அரம்பக்காரன்:
ஏற்கெனவே ஆடுகிறதைத் தூக்கிப் போடாதீங்க தம்பி. அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து நாக்கின் கன்னத்தில் பெவிகால் போட்டு ஒட்டி, மறுநாள் திரும்பச் சீவுங்க. கடைசியில் குறுக்கே துளை போட்டு மூங்கில் ஆணி அடியுங்க. நாக்கில் போடும் துளை காலில் இருப்பதைவிட ஒரு மில்லிமீட்டர் தோள் பக்கம் தள்ளி இருந்தால், ஆணி இறங்க இறங்க அது தோளை இழுத்து இறுக்கிவிடும். வறண்ட மூங்கிலாகப் பார்த்து எடுங்க, முனையைச் சீவிக் கூராக்க மறக்காதீங்க.