தண்டனை பெற்றவர் மறுபடி நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியுமா? காங்கேயம் பக்கம் வழக்கறிஞர் தேவை

வணக்கம். கழுத்துச் சதைக்குள் கம்பி புதைந்த பிறகும் தன் நாயை அவிழ்த்துவிடாத எங்கள் ஊர்க்காரருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. முதல் குற்றத்துக்கு உச்ச அபராதமே 50 ரூபாய்தான். சந்தையில் ஒரு கோழி வாங்கக்கூடக் காணாது. இப்போது ஆட்டுப்பட்டிக்குக் காவல் என்று புதிதாக ஒரு குட்டியைக் கட்டியிருக்கிறார். அதே கம்பி. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடக்கிறது. கேட்டால், "என் நாய், என் இஷ்டம்" என்கிறார்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 29ஆம் பிரிவின்படி இத்தகையவர் விலங்கு வைத்திருக்கவே நீதிமன்றம் தடை விதிக்கலாம். ஆனால், அந்தத் தடையைக் கோரப்போவதாகப் புகாரிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். நாய் வளர்க்க உரிமம் கட்டாயமான பகுதியாகவும் இருக்க வேண்டும்.

எங்களுடையது கிராம ஊராட்சி. இங்கே உரிமம் கட்டாயமா? புதிய புகாரை எப்படி எழுதுவது? இத்தகைய வழக்கு நடத்திய வழக்கறிஞரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து உள்பெட்டிக்கு வாருங்கள்.